‘நல்லெண்ணத்தில்தான் வாங்கினேன்’ என்றால் நீதிமன்றம் எதைப் பார்க்கும்? கொங்கு மண்ணில் தோட்டம், காடு (விவசாய நிலம்) வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

தோட்டம் வாங்கிப் பத்திரம் முடித்தாயிற்று. போர் ஓட்டி, தென்னங்கன்றும் வைத்தாயிற்று. அதன்பிறகு ஒரு நாள் கோர்ட் சம்மன் வருகிறது. விற்றவரின் தங்கை தனக்குப் பங்கு உண்டு என்று வழக்குப் போட்டிருப்பார். இல்லாவிட்டால், உங்களுக்கு முன்பே அதே நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் எழுதியவர் ஒருவர் வாதியாக நிற்பார். ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் மாவட்ட சிவில் கோர்ட்டுகளில் இந்த இரண்டு வகை வழக்குக்கும் பஞ்சமே இல்லை. சம்மன் கட்டோடு வக்கீல் ஆபீசுக்கு வருபவர் சொல்லும் முதல் பேச்சு ஒன்றுதான்: “நான் நல்லெண்ணத்துலதானுங்க வாங்கினேன். எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க.”

பெரும்பாலும் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் தெரியாது என்பதோடு நீதிமன்றம் நின்றுவிடுவதில்லை. தெரிந்துகொள்ள நீங்கள் என்ன முயற்சி எடுத்தீர்கள் என்றுதான் கேட்கும். தீர்ப்புகளைப் படித்தால், ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் மனதில் இருந்த நேர்மையில் இல்லை. கிரயத்துக்கு முன்னால் கேட்ட கேள்விகளில் இருக்கிறது. அந்தக் கேள்விகளைக் கிரயத்துக்கு முன்பே கேட்டு முடிக்கவும், வழக்கு வந்துவிட்டால் கேட்டதை நிரூபிக்கவும் வேண்டியதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எந்தச் சட்டத்தின் நல்லெண்ணம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாச் சட்டத்துக்கும் பொதுவாக ஒரே நல்லெண்ணம் என்று நினைப்பது பெரிய தவறு. இந்தியச் சட்டத்தில் அதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு.

முதல் அளவுகோல் 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம், பிரிவு 3(22). ஒரு காரியம் உண்மையில் நேர்மையாகச் செய்யப்பட்டிருந்தால் போதும். கவனக்குறைவு இருந்தாலும் அது நல்லெண்ணம்தான். 1897-க்குப் பிறகு வந்த மத்தியச் சட்டங்களில் வேறு பொருள் சொல்லியிருக்காவிட்டால் இதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது அளவுகோல் கடுமையானது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உரிய அக்கறையும் கவனமும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணத்தில் செய்ததாகாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 2(11)-லும் அதே கருத்துதான். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், பிரிவு 2(h)-ம் இந்தப் பக்கம்தான் நிற்கிறது.

இந்தக் கடுமைக்குப் பழைய உதாரணம் 1887-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு. கவிராஜ் வைத்தியர் ஒருவர் மூல நோய்க்கு சாதாரணக் கத்தியால் அறுத்தார். ரத்தம் நிற்காமல் நோயாளி இறந்துபோனார். குணப்படுத்தத்தான் செய்தேன் என்று வைத்தியர் சொன்னார். அந்த சிகிச்சைக்கு வேண்டிய படிப்போ தேர்ச்சியோ இல்லாமல் கத்தியை எடுத்ததை நல்லெண்ணம் என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. அவதூறு வழக்கிலும் இதே நிலைதான். 1965-இல் தீர்க்கப்பட்ட ஹர்பஜன் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மை என்று நம்பினேன் என்றால் மட்டும் போதாது, நம்பும் முன் விசாரித்துப் பார்த்தாயா என்று கேட்டது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பேரைப் போட்டு எழுதுவோர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

நிலத்துக்கு வருவோம். நிலம் வாங்கியவருக்கு இரண்டு பிரிவுகள் முக்கியம். ஒன்று, உரிமையாளர்போல் தெரிந்தவரிடம் வாங்கியவரைக் காக்கும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 41. அந்தச் சட்டம் 1897-க்கு முந்தியது. நல்லெண்ணத்துக்கு அதில் தனி விளக்கம் கிடையாது. ஆனால் 41-ஆம் பிரிவிலேயே, விற்பவருக்கு விற்கும் அதிகாரம் இருக்கிறதா என்று அறிய நியாயமான அக்கறை எடுத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம், பிரிவு 19(b). முந்தைய ஒப்பந்தக்காரரிடமிருந்து தப்பிக்க நீங்கள் விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டும், பணத்தை நல்லெண்ணத்தில் செலுத்தியிருக்க வேண்டும், அந்த ஒப்பந்தம் பற்றிய அறிவிப்பும் உங்களுக்கு இருந்திருக்கக் கூடாது. பலர் இந்தக் கடைசி நிபந்தனையில்தான் சறுக்குகிறார்கள். நேர்மையானவர்தான் என்று நீதிபதியே ஒப்புக்கொண்ட பிறகும், ‘அறிவிப்பு இருந்தது’ என்ற காரணத்தால் தோற்றவர்கள் உண்டு. படி 3-இல் அதை விரிவாகப் பார்க்கலாம்.

படி 2: நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் என்று ஏற்றுக்கொள்ளுங்கள்

“எனக்குத் தெரியும்னு அவரு நிரூபிக்கட்டுமே” என்று கேட்பவர்கள் உண்டு. அது நடக்காது. குர்பக்ஷ் சிங் எதிர் நிக்கா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்குத் தர முடியாது என்பதுதான் விதி, 41-ஆம் பிரிவு அதற்கு விலக்கு; விலக்கைக் கேட்பவரே அதன் நிபந்தனைகளை நிரூபிக்க வேண்டும். முந்தைய ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட வழக்கில் பிரிவி கவுன்சிலும் (ஆங்கிலேயர் காலத்தில் இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) 1930-களிலேயே இதைச் சொன்னது.

இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது என்று தோன்றும். நடைமுறையில், கூண்டில் ஏறி எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்து, நான் விசாரித்த விதம் இது என்று விவரம் சொன்னால் சுமை கொஞ்சம் கொஞ்சமாக எதிர்த்தரப்புக்கு நகரும். அந்த விவரம் உங்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

படி 3: சட்டத்தின் கண்ணில் ‘தெரியும்’ என்றால் என்ன?

சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவை நிலம் வாங்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும். நேரில் தெரிந்திருந்தால் தெரியும், அது எளிது. விசாரிக்க வேண்டியதை வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டிருந்தாலும், மிகுந்த அஜாக்கிரதையால் விட்டிருந்தாலும், விசாரித்திருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அது உங்களுக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அதோடு மூன்று விளக்கங்களும் இருக்கின்றன. பதிவு செய்த பத்திரத்தில் உள்ளது உங்களுக்குத் தெரிந்தது. நீங்கள் வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களோ இல்லையோ. நிலத்தில் இப்போது அனுபவத்தில் இருப்பவருக்கு என்ன உரிமை உண்டோ அதுவும் உங்களுக்குத் தெரிந்தது. உங்கள் சார்பில் வேலை பார்த்த முகவருக்கு அந்த வேலையில் தெரியவந்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். கிரயத்தைப் பேசி முடிக்க நீங்கள் அனுப்பிய ஆள் தோட்டத்தில் ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு உங்களிடம் சொல்லாமல் விட்டால், அந்தப் பாதிப்பு உங்களுக்குத்தான்.

இரண்டாவது விளக்கம்தான் கொங்குப் பகுதியில் பலரைக் கவிழ்த்துவிடுகிறது. அதற்குத் தனிப் படியே வேண்டும்.

படி 4: காட்டில் போய் நில்லுங்கள், இருப்பவரிடம் கேளுங்கள்

கோபி பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர் மஞ்சள் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் கோவையில் குடியிருக்கிறார். வில்லங்கச் சான்று சுத்தம். பட்டா அவர் பேரில். விலையும் படிந்துவிட்டது. காரில் போய்த் தடத்திலிருந்தே பார்த்துவிட்டு வருவதோடு பலர் முடித்துக்கொள்கிறார்கள்.

தோட்டத்துக்குள் இறங்கிப் பாருங்கள். பாத்தி கட்டி மஞ்சள் நட்டு, சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது. சாளைக்கு முன்னால் இரண்டு மாடு கட்டியிருக்கிறது. மோட்டார் ரூம் கதவில் வேறொருவர் பேரில் மின் இணைப்பு எண் எழுதியிருக்கிறது. களத்தில் ஒரு அம்மா விறகு பிளந்துகொண்டிருக்கிறார். அவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

“ஏனுங்கம்மா, இந்தக் காட்ட யாருங்க பண்ணயம் பாக்கறது?”

“நாங்கதானுங்க. பத்து வருசத்துக்கு மேல ஆச்சுங்க.”

“குத்தகைக்குங்களா?”

“மொதல்ல குத்தகைதானுங்க. போன தையில பாதிப் பணம் குடுத்து எழுதி வாங்கிக்கிட்டமுங்க. மீதியக் குடுத்துட்டா எங்களுதுதானுங்க.”

அந்த நாலு வார்த்தையில் வழக்கு முழுக்க அடங்கியிருக்கிறது. அவர்கள் கையில் இருப்பது பதிவு செய்யாத கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டத் திருத்தம் இருந்தும், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நிற்கவில்லை. பதிவாகாதது வில்லங்கத்தில் வராது. அதனால் செல்லாது என்றும் நினைத்துவிடாதீர்கள். 2023-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில், ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கில் பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இப்போது நீங்கள் அந்த அம்மாவிடம் பேசவே இல்லை என்று வையுங்கள். எனக்குத் தெரியாது என்று கூண்டில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனாலும் அனுபவத்தில் இருந்தவரின் உரிமை உங்களுக்குத் தெரிந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதே கருத்தில் இரண்டு தீர்ப்புகள் தந்தது: முகமது உபைதுல்லா எதிர் அப்துல் வஹாப், ராம் நிவாஸ் எதிர் பானோ. இரண்டிலும் இடத்தில் வாடகைக்கு இருந்தவரே அதை வாங்க ஒப்பந்தமும் போட்டிருந்தார். பின்னால் வாங்கியவர்கள் அவரிடம் விசாரிக்கவில்லை. வாடகைதாரர் என்று தெரிந்தால் போதாது, அவர் இப்போது எந்த உரிமையில் இருக்கிறார் என்றும் கேட்டிருக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்புகளின் சாரம்.

நிலத்தில் பார்க்க வேண்டிய மற்றவை: தடம் யாருடையது, யாரெல்லாம் அதில் போய்வருகிறார்கள், கிணற்றில் எத்தனை பங்கு, தண்ணீர் முறை எப்படி, வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் பங்காளி என்ன சொல்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஐந்து நிமிடத்தில் சொல்லும் சங்கதி சார்பதிவாளர் அலுவலகத்தில் ஐம்பது வருஷ வில்லங்கத்திலும் கிடைக்காது. குத்தகைதாரர் இருந்தால் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தனியாக வேலை செய்யும்; அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டதை எழுதி வையுங்கள். அனுபவத்தில் இருப்பவர், எனக்குக் குத்தகை உரிமை தவிர வேறு பாத்தியம் இல்லை என்று ஒரு கடிதம் தருவாரானால், இல்லாவிட்டால் கிரயப் பத்திரத்திலேயே சாட்சிக் கையெழுத்துப் போடுவாரானால், அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை.

படி 5: காகிதங்கள்

வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேடு, புலப்படம். இந்தப் பட்டியல் எல்லோருக்கும் தெரியும், நீட்ட வேண்டாம். நல்லெண்ண வழக்கில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பட்டா உரிமைப் பத்திரம் இல்லை. அண்ணன் பேரில் மட்டும் பட்டா இருப்பதால் அவரை முழு உரிமையாளர் என்று நம்பினேன் என்ற வாதம் பொதுவாக எடுபடுவதில்லை. 41-ஆம் பிரிவு கேட்பது, உண்மையான உரிமையாளரின் சம்மதத்தோடு அவர் உரிமையாளர்போல் வெளியில் காட்டப்பட்டாரா என்று. கல்யாணமாகிப் போன தங்கை பட்டாவில் பேர் சேர்க்கச் சொல்லவில்லை என்பதையே சம்மதம் என்று சொல்லிவிட முடியாது.

இந்தத் தங்கைகள் விஷயத்தில் இன்னும் விழிப்பு வேண்டும். 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு. 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில், 2005-இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பு நடந்த விற்பனையையும் பதிவான பாகப்பிரிவினையையும் சட்டம் காப்பாற்றுகிறது. அந்தத் தேதிக்குப் பிறகு வந்த பத்திரத்தில் மகள்களின் கையெழுத்து இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்டே தீர வேண்டும். “அவங்களுக்கு நகை நட்டு போட்டுக் குடுத்தாச்சுங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்ற பதில், பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு ஈடாகாது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் வாங்கினால், மகள்கள் இருப்பது தெரிந்தே வாங்கினீர்கள் என்ற கேள்வி குறுக்கு விசாரணையில் வரும்.

பவர் பத்திரம் மூலம் வாங்கினால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்தாரா என்று பாருங்கள். பவர் பத்திரமும் ஒப்பந்தமும் மட்டும் வைத்துக்கொண்டு உரிமையாளர் ஆகிவிட முடியாது என்று 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“ரிஜிஸ்தர் ஆபீசுல பாத்துத்தானே பதிவு பண்ணுனாங்க” என்பதும் பாதுகாப்பு தராது. 2025 ஏப்ரலில், மூலப்பத்திரம் காட்டாவிட்டால் பதிவை மறுக்கச் சொன்ன தமிழ்நாடு பதிவு விதி 55ஏ(i)-ஐச் செல்லாது என்று தீர்த்தபோது உச்ச நீதிமன்றம், விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரின் வேலை இல்லை என்று கூறியது.

படி 6: விலையும் அவசரமும்

அக்கம் பக்கத்துக் கிரயங்களைவிட மிகவும் குறைந்த விலை என்றால், ஏன் என்று கேட்டிருக்க வேண்டும் என நீதிபதி நினைப்பார். முழுத் தொகையும் ரொக்கம் என்றால் சந்தேகம் இன்னும் கூடும். சொத்து விற்பனைக்கு இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது. இரண்டு லட்சம், அதற்கு மேல் ரொக்கம் கைமாறியதாக ஒரு வழக்கில் சொல்லப்பட்டால் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. வங்கி வழியாகக் கொடுங்கள். பணத்தை நல்லெண்ணத்தில் செலுத்தினேன் என்பதற்கு வங்கி ஸ்டேட்மென்ட் பேசுவதுபோல் எந்தச் சாட்சியும் பேசாது.

படி 7: நல்லெண்ணம் எடுபடாத இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

எவ்வளவு விசாரித்தாலும், எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சில இடங்களில் இந்த வாதத்துக்கு வேலையே இல்லை.

முதலாவது, வழக்கு நடக்கும்போது வாங்குவது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, வழக்கு நிலுவையில் இருக்கையில் வாங்கியவரை அந்த வழக்கின் தீர்ப்பு கட்டுப்படுத்தும். 2008-இல் தமிழ்நாட்டு வழக்கான குருசாமி நாடார் எதிர் லட்சுமி அம்மாள் தீர்ப்பில், ஒப்பந்தக்காரர் வழக்குப் போட்ட பிறகு நடந்த இரண்டாம் கிரயத்தை நல்லெண்ணம் காப்பாற்றவில்லை. வழக்குகள் வில்லங்கத்தில் பொதுவாகத் தெரியாது. விற்பவர் பேரையும், அவருடைய தகப்பனார், உடன்பிறந்தவர் பேரையும் ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் போட்டு, நிலம் எந்தக் கோர்ட் எல்லையில் வருகிறதோ அந்த முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாவட்ட கோர்ட் மூன்றிலும் தேடுங்கள். பேரை எழுதும் விதம் மாறும். இரண்டு மூன்று விதமாகத் தேட வேண்டும். தேடியதை அன்றைய தேதியோடு பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, கோயில் நிலம். 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் 34-ஆம் பிரிவுப்படி ஆணையரின் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. கொங்கு நாட்டில் பழைய கோயில் இனாம் நிலங்கள் நிறைய. ‘அ’ பதிவேட்டின் பழைய பிரதியை வாங்கிப் பாருங்கள். பஞ்சமி நிலம் (பட்டியல் சமூகத்தாருக்கு ஒதுக்கியது), நிபந்தனைப் பட்டா, நீர்நிலைப் புறம்போக்கு ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். மைனரின் சொத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் காப்பாளர் விற்றிருந்தால், மைனர் வயதுக்கு வந்ததும் அந்தக் கிரயத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம்.

படி 8: வாங்கியது குடும்பத்துக்குள் என்றால் சுமை இரண்டு மடங்கு

கொங்கு வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. அப்பாருக்கு (தாத்தாவுக்கு) வயது எண்பதுக்கு மேல். கூட இருந்து சோறு போடுவதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் ஒரு மகன். அப்பாரு அந்த மகனுக்கே தோட்டத்தை செட்டில்மென்ட் எழுதிவைக்கிறார். அவர் காலமான பிறகு அத்தைமார் வழக்குப் போடுகிறார்கள்.

இங்கே நல்லெண்ணம் பற்றிய தனி விதி ஒன்று வருகிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தின் 114. ஒருவர் மற்றவரின் முழு நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தால், அவர்களுக்குள் நடந்த பரிவர்த்தனை நல்லெண்ணத்தில் நடந்தது என்று அந்த நம்பிக்கைக்கு உரியவரே நிரூபிக்க வேண்டும். 2003-இல் கிருஷ்ண மோகன் குல் எதிர் பிரதிமா மைதி வழக்கில், நூறு வயதைத் தாண்டிய, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட செட்டில்மென்டை உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான் பார்த்தது.

உண்மையிலேயே கடைசிவரை பார்த்துக்கொண்ட மகனுக்கு இது அநியாயம்போலத் தோன்றும். ஆனால் பெரியவர்களைப் பூட்டி வைத்துக் கைநாட்டு வாங்கியவர்களையும் அதே நீதிமன்றம் பார்க்கிறது. விதி அவர்களுக்காக வந்தது, அது வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். நேர்மையானவர் செய்ய வேண்டியது: பெரியவருக்குத் தனி வக்கீலோ தனி எழுத்தரோ இருக்கட்டும். பத்திரத்தைப் படித்துக் காட்டும்போது பயன்பெறுபவர் பக்கத்தில் இருக்க வேண்டாம். அன்று அவருடைய உடல்நிலை பற்றி டாக்டர் சான்று வாங்குங்கள். சொந்தக்காரர் அல்லாத, ஊரில் மதிப்புள்ள இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். மற்ற பிள்ளைகளுக்கு ஏன் தரவில்லை என்று பத்திரத்திலேயே பெரியவர் தன் வார்த்தையில் சொல்லியிருக்கட்டும். அத்தைமாரை அன்றே அழைத்துச் சொல்லிவிட்டால் வழக்கே வராமலும் போகலாம்.

படி 9: வழக்கு வந்துவிட்டால்

எதிருரையில் (வழக்குக்கு நீங்கள் எழுதித் தரும் பதிலில்) “பிரதிவாதி நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கியவர்” என்று ஒரு வரி எழுதினால் போதாது. எந்தத் தேதியில் நிலத்தைப் பார்த்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள், எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் வாங்கினீர்கள், விலை எப்படிப் பேசப்பட்டது, பணம் எந்த வங்கியிலிருந்து போனது என்பதை விவரமாக எழுத வேண்டும். எதிருரையில் சொல்லாததைச் சாட்சியத்தில் சொன்னால், பின்யோசனை என்று தள்ளப்படும்.

அடுத்தது, கூண்டில் நீங்களே ஏறுங்கள். பனியன் கம்பெனி வேலை, வெளிநாட்டுப் பயணம் என்று மேனேஜரையோ பவர் ஏஜென்டையோ சாட்சி சொல்ல அனுப்புவது இந்த வகை வழக்கில் தற்கொலைக்குச் சமம். தெரியுமா தெரியாதா என்பது உங்கள் மனதுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. உங்களுக்குப் பதிலாகப் பவர் ஏஜென்ட் அதைச் சொல்ல முடியாது என்று 2004 டிசம்பரில் ஜான்கி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கூண்டில் ஏறாமல் ஒதுங்கும் கட்சிக்காரருக்கு எதிராகவே நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று 1999-இல் வித்யாதர் எதிர் மாணிக்ராவ் வழக்கிலும் சொல்லியிருக்கிறது.

குறுக்கு விசாரணையில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “நிலத்தைக் கிரயத்துக்கு முன் போய்ப் பார்த்தீர்களா? அப்போது அங்கே யார் இருந்தார்? அவரிடம் என்ன கேட்டீர்கள்? விற்பவருக்கு எத்தனை உடன்பிறந்தவர்கள் என்று தெரியுமா?” போகவில்லை என்றால் போகவில்லை என்றே சொல்லுங்கள். போனேன் என்று பொய் சொல்லி, தடம் எந்தப் பக்கம் என்ற அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டவரை எந்த நீதிபதியும் அதன்பிறகு நம்புவதில்லை. கையில் இருக்கும் காகிதத்தை மறைப்பதும் அப்படித்தான். 1993-இல் சென்னையிலிருந்து போன செங்கல்வராய நாயுடு எதிர் ஜெகன்னாத் வழக்கில், முக்கியமான விடுதலைப் பத்திரத்தை மறைத்து வாங்கிய தீர்ப்பு மோசடியால் பெற்றது, செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

தவறான கோர்ட்டில் வழக்குப் போட்டுக் காலம் கழிந்திருந்தால், காலவரையறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அந்தக் காலத்தைக் கழித்துக்கொள்ள இடம் தருகிறது. அதற்கு உரிய முயற்சியோடும் நல்லெண்ணத்தோடும் நடத்தியிருக்க வேண்டும். இங்கே நல்லெண்ணம் என்றால் படி 1-இல் சொன்ன கடுமையான அளவுகோல். மேல்முறையீடு உயர் நீதிமன்றம் வரை போனால் ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும். கரூர் வழக்குகள் மதுரைக் கிளைக்கு.

படி 10: தோற்றாலும் கேட்க வேண்டியவை

உரிமை போய்விடும் என்று தெரிந்தால் பலர் மனம் விட்டு, மற்றதையும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவை மறக்கக் கூடாது. நிலம் முழுக்கத் தனதே என்று நல்லெண்ணத்தில் நம்பி மேம்பாடு செய்தவரை, அவரைவிட மேலான உரிமை உள்ளவர் வெளியேற்றினால், ஒன்று மேம்பாட்டின் மதிப்பைத் தர வேண்டும். இல்லையென்றால் மேம்பாட்டைக் கணக்கில் சேர்க்காத சந்தை விலைக்குத் தன் பாத்தியத்தை இவருக்கே விற்க வேண்டும். ஆயிரம் அடி போர், மோட்டார், கம்பி வேலி, காய்ப்புக்கு வந்த தென்னை எல்லாம் இதில் வரும். ஆனால் சம்மன் வந்த பிறகு செய்த செலவை நல்லெண்ணத்தில் செய்தது என்று சொல்வது மிகக் கடினம். அதனால் சம்மன் கையில் கிடைத்த நாளிலேயே, அதுவரை செய்த வேலைகளைப் படம் எடுத்து, பில்களைச் சேர்த்து, முடிந்தால் கோர்ட் கமிஷனரை (நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வக்கீல்) போடச் சொல்லி அளந்து வையுங்கள். போர்வெல் வண்டிக்காரர் எழுதிக் கொடுத்த அடிக் கணக்குச் சீட்டைக்கூட விட்டுவிட வேண்டாம்.

அதே பிரிவின் கடைசிப் பத்தி பயிரைப் பற்றியது. நட்ட பயிர் நிலத்தில் நிற்கும்போது வெளியேற்றப்பட்டால், அந்த விளைச்சல் நட்டவருக்கு. அறுவடை செய்து எடுத்துப்போக நிலத்துக்குள் தடையில்லாமல் வந்துபோகவும் அவருக்கு உரிமை உண்டு. மஞ்சளுக்கு ஒன்பது மாதம் ஆகும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. மேம்பாட்டுத் தொகையையும் விளைச்சலையும் மாற்றுக் கோரிக்கையாக எதிருரையிலேயே எழுதிவிடுங்கள்; விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்குக்கும் அப்போதே வக்கீலிடம் காலக்கெடுவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.